கை நனைத்த வழக்கு

ராயபுரத்தில் ஒரு மோட்டார் எதன்மேலாவது மோதிவிட்டால், போலீஸுக்கு ஆள் போகிறதோ இல்லையோ, செல்வநாதன் வீட்டுக்கு ஆள் போய்விடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் இது ஊரில் பழகிப்போன சங்கதி. அவர் வக்கீல் இல்லை, வைத்தியர் இல்லை. திருவொற்றியூர் துபாஷ் ஒருவரிடம் மோட்டார் ஓட்டும் டிரைவர், அவ்வளவுதான். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வருவார். வந்ததும் யார் மேல் தப்பு என்று எவனாவது ஆரம்பித்தால், "வாய மூடு, கஸ்மாலம்! மொதல்ல ஆளப் பாரு" என்று ஒரு அதட்டல் போடுவார். பெரிய மனுஷர்கள்கூட அந்த அதட்டலுக்கு அடங்கிப் போவார்கள். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்டால், அதற்கு அவரே பண்ணின ஒரு விபத்தைத்தான் சொல்ல வேண்டும். மனுஷன் சும்மா பெரிய ஆளாகிவிடவில்லை, ஒரு வைக்கோல் வண்டிக்குள் மோட்டாரை விட்டுத்தான் ஆனார்!

செல்வநாதன் கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலோரக் குடிசையில் பிறந்தவர். அப்பாவுக்குக் கட்டுமரம். இவரும் இருபத்தைந்து வயது வரைக்கும் மரத்தில்தான் போய் வந்தார். ஒரு நாள் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மோட்டார் ஒன்றைச் சங்கிலி கட்டி இறக்குவதைப் பார்த்தார். தரையில் வைத்து இஞ்சினைச் சுற்றிவிட்டதும் அது உறுமின உறுமல் இருக்கிறதே, அதோடு ஆள் காலி. வலையை மச்சான் தாமஸிடம் கொடுத்துவிட்டு மண்ணடியில் ஒரு பட்டறையில் போய் மோட்டார் கழுவ உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழுவி, ஒரு வருஷம் நின்றுபோன மோட்டாரைத் தள்ளி, அப்புறம்தான் ஸ்டீரிங்கில் கை வைக்க விட்டார்கள்.

லைசென்ஸ் வந்த அன்று அவருடைய பெண்சாதி வியாகுலம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஞானஸ்நானப் புத்தகத்துக்கு அப்புறம் அவர் பேர் ஏறின காகிதம் அது ஒன்றுதான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தக் காகிதம் போனால் திரும்பவும் மோட்டார் கழுவ வேண்டியதுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் பக்தவச்சல முதலியார். ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்குத் துபாஷ், அதாவது ஊர் வியாபாரிகளோடு பேசி முடிக்கும் ஆள். ஜரிகைத் தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவம், யாரைக் கண்டாலும் புத்தி சொல்லும் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே செல்வநாதனுக்கும் ஒன்று சொன்னார்.

"இதோ பாருப்பா, எங்கேயாவது இடிச்சுட்டா நிறுத்தாதே. ஜனங்க கூடினா அடிச்சே கொன்னுடுவாங்க. நேரா வீட்டுக்கு விட்டுடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"ஆவட்டும் மொதலாளி" என்றார் செல்வநாதன். இடித்தால்தானே என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, அது கடற்கரைச் சாலையில் மட்டும் தலைகாட்டும். காலை ஒன்பது மணிக்கு மரங்கள் கரை திரும்புகிற நேரம் பார்த்து முதலியாரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். கடலில் பிறந்த கண் சும்மா இருக்குமா? யார் மரம் வருகிறது, தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது, அப்படியென்றால் எத்தனை கூடை மீன் என்று அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே வரும்.

இருபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை. மச்சான் தாமஸின் பாய் தெரிந்தது. மரமே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கீழே அமிழ்ந்து வருகிறது! அடேயப்பா, கானாங்கத்தையா, வஞ்சிரமா? செல்வநாதனுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். கழுத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

தடால்!

அடுத்த கணம் உலகம் மஞ்சளாகிவிட்டது. எதிரே வந்த வைக்கோல் வண்டியின் பக்கவாட்டில் மோட்டார் மூக்கை நுழைத்திருந்தது. வண்டியின் அச்சு முறிந்து, ஒரு போர் வைக்கோல் மோட்டாரின்மேல் சரிந்து விழுந்தது. பின்னாலிருந்து முதலியாரின் குரல் மட்டும் வைக்கோலுக்குள்ளிருந்து வந்தது.

"விடு! விடு! நிறுத்தாதே, வீட்டுக்கு விடு!"

விடுவதற்கு வழி எங்கே என்று தெரிந்தால்தானே! ஆனால் பின்பக்கம் சாலை காலியாகத்தான் இருந்தது. இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எடுத்துத் திருப்பினால் போய்விடலாம். செல்வநாதனின் கை ஒரு கணம் அதற்குப் போகத்தான் போனது. அதற்குள் வைக்கோலுக்கு அப்பாலிருந்து "யா அல்லா" என்று ஒரு முனகல் கேட்டது. அவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

கூட்டம் கூடிவிட்டது. காசிமேட்டு ஆட்கள், வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள், துறைமுகக் கூலிகள். ஒருவன் துடுப்போடு வந்தான். "அடிங்கடா அவன!" என்று ஒரு குரல். செல்வநாதன் ஒரு அடி பின்வாங்கினார். ஆனாலும் வாய் மட்டும் பழைய பழக்கத்தில், கடலில் கத்துகிற மாதிரி ஓங்கிக் கத்தியது.

"எவனும் வாயத் தொறக்காத! மரம் மோதிகிச்சு! மொதல்ல ஆள எண்ணு!"

துடுப்பு அப்படியே நின்றது. ஏனென்றால் அந்தக் கரையில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கடலில் இரண்டு மரம் மோதிக்கொண்டால் முதலில் ஆட்களை எண்ண வேண்டும். அப்புறம் சிக்கின வலையை அறுக்காமல் பிரிக்க வேண்டும். யார் மேல் தப்பு என்று கடலில் ஒருவனும் வாய் திறக்கக் கூடாது. கரைக்கு வந்ததும், மோதினவன் மோதப்பட்டவன் வீட்டுக்குப் போய் அன்றைக்குப் பானையில் என்ன இருக்கிறதோ அதில் கை நனைக்க வேண்டும். அவன் உப்பைத் தின்றபின் இரண்டு பேரும் ஊராருக்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். உப்பு உள்ளே போய்விட்டால் பொய் வெளியே வராது என்பது அவர்கள் கணக்கு.

பத்துப் பேர் பாய்ந்து வைக்கோலை விலக்கினார்கள். முதலியாரை வெளியே இழுத்தார்கள், தலைப்பாகை போன இடம் தெரியவில்லை. வண்டிக்காரர் சாலையோரத்தில் விழுந்து கிடந்தார். திருவொற்றியூர் காலடிப்பேட்டை அமீர் பாய், ஐம்பது வயது, வலது கை மணிக்கட்டுக்கு மேல் வளைந்துபோயிருந்தது. மாடு இரண்டும் கழன்று நின்று, நடந்ததற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

"வண்டில வேற ஆளு கீதா பாய்?"

"நான் ஒருத்தன்தாம்ப்பா. எம் மாடு?"

"மாடு துன்னுகினு கீது. நீ கையப் பாரு."

செல்வநாதன் முதலியாரின் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை ஒரு வார்த்தை கேட்காமல் உருவினார். முறிந்த வண்டிச் சட்டத்தில் ஒரு குச்சியைப் பிடுங்கி, கையை அசையாமல் கட்டினார். "சார்ஜென்ட் வர்ற வரிக்கும் வண்டிய எவனும் நவுத்தக் கூடாது. மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, பாயைப் பின் ஸீட்டில் படுக்க வைத்து, முதலியாரை முன்னால் உட்கார வைத்து, நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். எலும்பு கூட ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். அங்கிருந்து தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் இடிச்சேன், எய்திக்கோங்க" என்றார்.

சார்ஜென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேன், நானு ஆளு தேடிப் போறதுக்கு முந்தி நீயே வந்துட்டே?" என்றவர், எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கையை நீட்டி லைசென்ஸை வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். வேகமாக, கவனமில்லாமல் ஓட்டியதாகக் கேஸ். பத்து நாளில் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வாய்தா. அந்தப் பூட்டுச் சத்தம் கேட்டதும் செல்வநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முதலியார் தன் வக்கீலின் குமாஸ்தா கிருஷ்ணப்பனை அனுப்பினார். கிருஷ்ணப்பன் கட்டுக் குடுமியும் கக்கத்தில் காகிதமுமாக வந்து உட்கார்ந்தார்.

"மாடு மிரண்டுடுச்சுன்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தைதான். லைசென்ஸ் உன் கைக்கு வந்துடும். அந்த பாய் வீட்டுப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்காதே. சாட்சியைக் கலைக்கப் போனான்னு உள்ளே தள்ளிடுவாங்க."

செல்வநாதன் தலையாட்டினார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வியாகுலம்மாள் தட்டை அவர் முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வூட்ல கை நனச்சியா?"

"போவக் கூடாதுன்னு குமாஸ்தா சொல்றாரு."

"குமாஸ்தா என்னிக்குக் கடலுக்குப் போனாரு? ஒரு ஆளு கைய ஒடச்சிப்புட்டு, அவன் வூட்ல துன்னாம என் வூட்ல வந்து குந்தி துன்றியா? வெக்கமா இல்ல? எய்ந்திரு!"

"உள்ள தள்ளிட்டா?"

"தள்ளட்டும். நான் சோறு கொண்ணாறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செல்வநாதன் காலடிப்பேட்டைக்கு நடந்தே போனார். அவர் பண்ணின தப்பு என்னவென்றால், கடற்கரைச் சட்டம் உலகத்துக்கே தெரியும் என்று நினைத்தது. அமீர் பாய் வீட்டு வாசலில் நின்று, வணக்கம் வைத்து, நேராக உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சோறு போடு பாய்" என்றார்.

அமீர் பாய் கட்டுப்போட்ட கையோடு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் பெண்சாதி ஜைத்தூன் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னா சொன்ன? வண்டிய ஒடச்ச, கைய ஒடச்ச, இப்ப எம் பானைய ஒடைக்க வந்தியா? இடிச்சவனுக்கு ஆக்கிப் போடணும்னு எந்த ஊரு நாயம்டா இது?"

"எங்க ஊரு நாயம்கா" என்றார் செல்வநாதன். அவருக்கு வேர்த்துவிட்டது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். மரம் மோதினது, வலை பிரித்தது, கை நனைப்பது, எல்லாம். "நான் இங்க துன்னலன்னா என் வூட்டு அடுப்புல எனக்கு எடமில்லக்கா. ஒரு கவளம் போதும்."

ஜைத்தூன் அவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் சுவரில் சாய்ந்து, அப்புறம் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். "யா அல்லா, தப்பு பண்ணவன் வூடு தேடி வந்து வயிறு காட்றானே!" பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை வலித்தது, "சிரிக்க வைக்காதடா பாவி" என்று திட்டிக்கொண்டே சிரித்தார்.

பானையில் இருந்தது கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். செல்வநாதன் முதல் வாயிலேயே நிறுத்தினார்.

"அக்கா, இந்தக் கருவாட்ட எவ வித்தா உனக்கு?"

"ஏன், இன்னா கொற?"

"மூணு மழ பாத்த கருவாடு இது. உன்ன நல்லா ஏமாத்திகிறா. வியாகுலத்தாண்ட சொல்லி நல்லதா அனுப்பறேன்."

குறை சொன்ன வாயால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவின பிறகுதான் சொல்ல வந்ததைச் சொன்னார். "பாய், மாடு மிரளல. நான் மச்சான் மரத்தப் பாத்துகினு வந்தேன். தப்பு என்னுதுதான். கோர்ட்டுல அப்டியே சொல்லப்போறேன்."

அமீர் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "சொல்லு. அப்பால நானும் சொல்றேன்" என்றார். அது என்னமோ மிரட்டல் மாதிரி பட்டது. செல்வநாதன் அதைச் சுமந்துகொண்டே வீடு வந்தார்.

மறுநாளே முதலியாருக்குச் சேதி போய்விட்டது. "கெடுத்தியேடா! இனிமே ஆண்டவன் வந்தாலும் உன் லைசென்ஸைக் காப்பாத்த முடியாது!" என்று குதித்தார்.

செல்வநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "மொதலாளி, கோச்சிக்கக் கூடாது. அந்த மரத்துல நீங்களும் இருந்தீங்க. நாயப்படி நீங்களும் போய்க் கை நனைக்கணும்."

முதலியார் துள்ளி எழுந்தார். "நானா? பாய் வீட்டிலேயா? வெளியே போடா!" என்று வாசலைக் காட்டினார்.

வாய்தா அன்று கோர்ட் நிறைந்து வழிந்தது. காசிமேடே வேலைக்குப் போகாமல் வந்து நின்றது. மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடி போட்ட, சிரிப்பே அறியாத மனுஷர். அமீர் பாய் சாட்சிக் கூண்டில் ஏறினார். சர்க்கார் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கிடுக்கிப்பிடி போட்டார்.

"இந்த ஆள் உம்ம வீட்டுக்கு வந்தானா?"

"வந்தான்."

"என்ன கொடுத்தான்?"

"குடுக்கலிங்க. துன்னுட்டுப் போனான்."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "எதைத் தின்றான்?"

"களி, எசமான். மூணு வாட்டி வாங்கினான். கருவாடு நல்லால்லன்னு கொற வேற சொன்னான்."

"அது கிடக்கட்டும். இவன் வேகமாக வந்து இடித்தானா, இல்லையா?"

அமீர் பாய் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியாது எசமான். நான் தூங்கிகினு வந்தேன்."

"என்ன?"

"நெசந்தான். அந்த ரோட்டுல எம் மாட்டுக்கு வழி தெரியும், நான் வைக்கோல் மேல படுத்துக்குவேன். கண்ண மூடித் தொறந்தா வூடுதான். ஸ்டேஷன்ல முயிச்சிகினு இருந்ததா எய்திக் குடுத்துட்டேன், அது பொய்யி. என் வூட்ல துன்னுட்டு இவன் நெசம் சொல்லப்போறான், நான் எப்டி எசமான் பொய்யி சொல்றது? மாடு நடு ரோட்டுக்கு வந்துருக்கும். தப்பு என்னுது."

செல்வநாதன் கைதிக் கூண்டிலிருந்து எம்பினார். "இன்னா பாய் நீ! உன் மேல ஒண்ணும் இல்ல. எசமான், நான் ரோட்டயே பாக்கல. எம் மச்சான் மரம் மீனு பாரத்துல முங்கிகினு வந்துச்சு, அத்தப் பாத்துகினு வந்தேன். தப்பு என்னுது!"

"தூங்கினவன் நானு!"

"இடிச்சவன் நானு!"

"நான் முயிச்சிருந்தா மாட்டத் திருப்பிருப்பேன்ல?"

"நான் முன்னால பாத்திருந்தா நின்னுருப்பேன்ல? சும்மா கெட பாய், பேஜாரு பண்ணாத!"

இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது இல்லை என்பதையே கேட்டுக் காது புளித்துப்போன மனுஷருக்கு இது புதிதாக இருந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"உண்மையைச் சொன்னது நல்லது. ஆனாலும் ரோட்டைப் பார்க்காத டிரைவர் கையில் நான் எப்படி மோட்டாரைக் கொடுப்பது? அடுத்த தடவை வைக்கோல் இருக்காது, குழந்தை இருக்கும். லைசென்ஸை ரத்து செய்ய வேண்டியதுதான்."

செல்வநாதன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். வியாகுலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முன் வரிசையில் பக்தவச்சல முதலியார் உட்கார்ந்திருந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. களி தின்றவனும் களி போட்டவனும் பழியைப் போட்டி போட்டுக்கொண்டு இழுக்கிறார்கள், ஜரிகைத் தலைப்பாகை கட்டின தான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே! எழுந்தது தெரியாமல் எழுந்துவிட்டார்.

"கனம் கோர்ட்டார் மன்னிக்கணும். நான் மோட்டாருக்குச் சொந்தக்காரன். இடிச்சால் நிறுத்தாதேன்னு இவனுக்கு உத்தரவு போட்டது நான்தான். அன்னிக்கும் வைக்கோலுக்குள்ளிருந்து விடு விடுன்னு கத்தினேன். இவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த மனுஷர் ரோட்டில் கிடந்திருப்பார். இவன் நிறுத்தினான். அதனால்தான் இந்தக் கேஸே உங்க முன்னாலே வந்திருக்கு. ஓடிப்போனவனுக்கு லைசென்ஸ் இருக்கும், நின்னவனுக்கு இருக்காதுன்னால் இனிமே எவன் நிறுத்துவான்?"

மாஜிஸ்திரேட் அவரையே பார்த்தார். பிறகு கோர்ட் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"குற்றவாளி ஆக வேண்டும் என்று இங்கே இன்னும் யாராவது இருக்கிறீர்களா?" என்றார். சிரிப்பே அறியாத அந்த முகத்தில் ஒரு ஓரம் சிரித்தது. கூட்டத்தில் இரண்டு கை நிஜமாகவே எழுந்தது, பக்கத்திலிருந்தவர்கள் அமுக்கி உட்கார வைத்தார்கள்.

தீர்ப்பு இதுதான்: பாயின் எலும்பு கூடுகிற ஆறு வாரத்துக்கு லைசென்ஸ் கோர்ட்டில் இருக்கும். அதற்குப் பிறகு செல்வநாதன் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் கை முறிந்தவருக்கு யார் வண்டி ஓட்டுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது.

அதில் பேச என்ன இருக்கிறது? கோர்ட்டுக்கு வெளியே புது அச்சு மாட்டின வண்டி நின்றது. செல்வநாதன் நுகத்தடிக்குப் பின்னால் ஏறி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். வியாகுலம்மாள் நல்ல கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பாயின் மடியில் வைத்து, "அக்காவாண்ட குடு. வித்தவ எவன்னு கேட்டு வையி, நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றாள். காசிமேட்டு ஆட்கள் வண்டியைச் சுற்றி நின்று கும்மாளம் போட்டார்கள்.

வண்டி நகரும்போது முதலியார் வேகமாக வந்தார். மோட்டார் ஓட்ட ஆள் இல்லாமல் வீட்டில் நின்றதால் அன்று ரிக்ஷாவில்தான் கோர்ட்டுக்கு வந்திருந்தார்.

"செல்வநாதா, எங்கே போறே?"

"காலடிப்பேட்டைக்கு மொதலாளி."

முதலியார் முன்னும் பின்னும் பார்த்தார். துபாஷ் வேலைக்கு வந்த நாளிலிருந்து மாட்டு வண்டியில் ஏறாத மனுஷர், சக்கரத்தில் கால் வைத்து, வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு, அமீர் பாய் பக்கத்தில் வைக்கோல்மேல் உட்கார்ந்தார். அமீர் பாய் பழக்கதோஷத்தில் தண்டையார்பேட்டை தாண்டும் முன்பே தூங்கிவிட்டார்.

வாசலில் ஜைத்தூன் நின்றாள். விபூதியும் ஜரிகையுமாக ஒரு பெரிய மனுஷர் தன் வீட்டு முற்றத்தில் வைக்கோலைத் தட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதலியார் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், செல்வநாதனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, எனக்கும் கொஞ்சம் போடும்மா."

ஜைத்தூன் கருவாட்டுச் சட்டியை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு புதுத் தட்டை மூன்று முறை கழுவி, களியை உருட்டி வைத்து, பக்கத்தில் மோரும் ஒரு பச்சை மிளகாயும் வைத்தாள். முதலியார் கையைத் தண்ணீரில் நனைத்தார். முதல் கவளம் மெதுவாகத்தான் போனது. இரண்டாவதுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. தட்டு காலியானதும் ஜைத்தூன் கரண்டியோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா, அண்ணே?"

முதலியார் நிமிராமல் தட்டை முன்னால் நகர்த்தினார்.